நிகழ்வா, விபத்தா: தாராவியில் ஒரு வெள்ளிக்கிழமை

கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று செம்பூர் பயிற்சி மையத்திலிருந்து கேட்டார்கள். பேசுவதைவிட எழுதுவது எனக்குத் தோதுப்படும் என்று சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. கருவிகளைப் பற்றி இப்போது என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். எனக்குத் தெரிந்தது வேறொன்று. ஏதோ நடந்துவிட்டது என்று கூட்டம் கூடி நிற்கும்போது, நடந்ததற்கு என்ன பெயர் என்று அங்கேயே முடிவு செய்ய வேண்டிய நிலை. அதில் இரண்டு முறை நின்றிருக்கிறேன்.

உங்கள் தேர்வில் இந்தக் கேள்வி வராமல் போகாது: நிகழ்வுக்கும் விபத்துக்கும் என்ன வேறுபாடு? நாம் அலுவலகத்தில் இன்சிடென்ட், ஆக்சிடென்ட் என்று சொல்வதைத்தான் கேட்பார்கள். பன்னாட்டு அளவுகோலில் ஏழு படிகள் உண்டு. கீழே உள்ள மூன்றும் நிகழ்வு, மேலே உள்ள நான்கும் விபத்து. எவ்வளவு கதிரியக்கப் பொருள் வெளியே போனது, யாருக்கு எவ்வளவு பட்டது, எத்தனை தடுப்புகள் உடைந்தன என்பதைப் பார்த்துப் படியைச் சொல்ல வேண்டும். இதை எழுதினால் முழு மதிப்பெண். நானும் அப்படித்தான் எழுதி வாங்கினேன். பிறகு இரண்டு சொற்களிலும் ஒவ்வொரு தடவை தவறினேன்.

முதல் தவறு வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். செம்பூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனைக்கு வழக்கமான சோதனைக்குப் போயிருந்தேன். தரைத்தள நடைபாதையில் போகும்போது கையிலிருந்த மீட்டர் திடீரென்று அலறியது. அங்கே அலறவே கூடாது. எக்ஸ்ரே அறை அடுத்த கட்டடத்தில் இருந்தது. யோசிக்க நான் எடுத்துக்கொண்டது இரண்டு நொடிகூட இருக்காது. "ஆக்சிடென்ட்! எல்லாரும் வெளியே போங்க!" என்று இந்தியில் கத்தினேன்.

மருத்துவமனை நடைபாதையில் அந்தச் சொல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஊசி போட வரிசையில் நின்றவர்கள், சீட்டு வாங்க நின்றவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே கதவை நோக்கி ஓடினார்கள். வாசல் படியில் ஒரு பெரியவர் தள்ளப்பட்டு விழுந்தார். மணிக்கட்டு உடைந்தது. மீட்டர் கத்தியதற்குக் காரணம் பத்து நிமிடத்தில் தெரிந்தது. மாடியில் தைராய்டு பரிசோதனைக்காகக் கதிரியக்க அயோடின் குடித்த ஒரு பெண், தேநீர் வாங்கக் கீழே வந்திருக்கிறார். அவரால் யாருக்கும் ஆபத்தில்லை.

என் பிரிவில் அப்போது எனக்கு நேர் மேலே இருந்தவர் மாட்டுங்காக்காரர். மூன்று தலைமுறையாக அங்கேயே அலுவலக உத்தியோகம் பார்க்கும் குடும்பம். அவர் என்னைத் திட்டவில்லை. அறிக்கையைப் படித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"மீட்டர் சரியாத்தான் சொல்லித்து. நீதான் தப்பாச் சொன்னே. இன்னிக்கு அந்த ஆஸ்பத்திரில ஒருத்தருக்குத்தான் அடி பட்டிருக்கு. அதுவும் கதிர்வீச்சுனால இல்லே, உன் வாயால. போய் அவரைப் பாத்துட்டு வா."

போனேன். மாவுக்கட்டோடு படுத்திருந்த பெரியவர் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "பேட்டி, பாம் தா க்யா?" என்று கேட்டார். குண்டா இருந்ததம்மா என்று கேட்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றேன்.

அதன் பிறகு நான் மறுபக்கம் சாய்ந்துவிட்டேன். விபத்து என்ற சொல்லை என் அறிக்கைகளில் தேடினாலும் கிடைக்காது. எல்லாமே நிகழ்வு, சிறு நிகழ்வு, விலகல். நிதானமான அதிகாரி என்று பெயரும் வாங்கினேன். அந்த நிதானத்தில் எவ்வளவு பயம் கலந்திருந்தது என்று எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில்தான் தெரிந்தது.

விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையை மூடிக்கொண்டிருந்தார்கள். பெரிய தொட்டிகளுக்குள் திரவம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று வெளியிலிருந்தே அளக்க, தொட்டியின் பக்கத்தில் ஒரு கனமான உருளையைப் பொருத்தியிருப்பார்கள். உள்ளே சீசியம், சுற்றிலும் ஈயம், ஒரு பக்கம் மட்டும் சிறிய ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு மூடி, மூடியைத் திருப்ப ஒரு கைப்பிடி. அப்படிப்பட்ட உருளைகளில் ஒன்று குறைகிறது என்று தொழிற்சாலை மேலாளர் எங்களுக்குத் தகவல் கொடுத்தார். தொட்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்தபோது உருளையைக் கழற்றாமலே கொடுத்துவிட்டார்கள். அது கைமாறிக் கைமாறித் தாராவியில் செல்லத்துரை என்பவருடைய பழைய இரும்புக் கடைக்கு வந்திருக்கிறது என்று மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டோம்.

நானும், என்னோடு பல வருடம் வேலை பார்த்த காலே என்ற மராத்திக்காரரும் கிளம்பினோம். ஜீப் உள்ளே போகாது. மீட்டர்களைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது அதே தாராவியில், அந்தக் கடையிலிருந்து நான்கு சந்து தள்ளி. அப்பா சாயர்புரத்திலிருந்து வந்து ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். ஆனால் அலுவலகத்தில் யார் கேட்டாலும் 'மாட்டுங்கா பக்கம்' என்றுதான் சொல்லி வந்தேன். பொய்யென்று சொல்ல முடியாது. நடுவில் ரயில் பாதைதான். காலேவுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

செல்லத்துரை எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார். உருளை கடையின் கோடியில், பின்பக்கத் தகரச் சுவரை ஒட்டி இருந்தது.

"ஒம்போது நாளா இங்கனதான் கெடக்கு மேடம். ஈயம் நெறய இருக்கும்னு வெட்டலாம்னு இருந்தேன். கட்டிங் போடுத ஆளு மாமன் மவ கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டான். திங்கக்கிழம வாரேன்னான்."

திங்கட்கிழமை அந்த ஆள் வந்து கேஸ் வைத்து வெட்டியிருந்தால், உலகத்தில் எந்த அகராதியிலும் அது விபத்துதான். ஆனால் வெட்டவில்லை. உருளை முழுசாக இருந்தது. கடைக்குள் அளந்து பார்த்தோம். செல்லத்துரை உட்காரும் இடம், எடை போடும் இடம், வாசல் எங்கும் முள் பெரிதாக அசையவில்லை. காலே பெருமூச்சு விட்டார். நான் நோட்டை எடுத்து எழுதினேன்: 'நிகழ்வு. பொருள் சேதமின்றி மீட்பு. யாருக்கும் கதிர்வீச்சு படவில்லை.'

அந்த நேரம் தொழிற்சாலை மேலாளர் வியர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தார். நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "சரியாக எழுதியிருக்கிறீர்கள் மேடம், இது இன்சிடென்ட்தான்" என்று இந்தியில் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதிதான் என்னை உறுத்தியது. நடந்ததைப் பற்றி என்னைவிட அவருக்குக் குறைவாகத்தான் தெரியும். அவர் எப்படி என் முடிவை இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறார்?

என் மேலதிகாரிக்கு, அதே மாட்டுங்காக்காரருக்கு, தொலைபேசியில் சொன்னேன். அவர் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன.

"நிகழ்வுன்னு எழுதியிருக்கேன் சார்."

"வார்த்தையை நான் கேக்கலையே. யார் யார் எங்கெங்க உக்காந்துண்டிருந்தா? அதைக் கேட்டியா?"

கடைக்குள் இருந்தவர்களைக் கேட்டிருந்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் உருளையை மறுபடி பார்த்தேன். கைப்பிடி இல்லை. தொட்டியிலிருந்து பிடுங்கியபோது எங்கேயோ உடைந்து போயிருக்கிறது. கைப்பிடி இருந்தால்தான் மூடி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று தெரியும். ஜன்னல் எந்தப் பக்கம்? சுவரைப் பார்த்தபடி. மீட்டரைத் தகரத்தின் ஓரமாகக் கொண்டுபோனேன். முள் துள்ளியது. கடைக்குள் ஒன்றுமில்லை என்றால், எல்லாம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"அண்ணாச்சி, இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரு?"

"பாக்கியக்கா வீடு. பை தைக்காவ."

பின்பக்கம் போக நேர் வழி இல்லை. சந்தைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகப் போனேன். வாசலுக்குப் போகும் முன்பே மீட்டர் கத்தத் தொடங்கியது. சத்தத்தை அணைத்துவிட்டேன். உள்ளே ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், தகரச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தையல் மெஷினில் பள்ளிக்கூடப் பை தைத்துக்கொண்டிருந்தார். முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு முழம் இருக்கும்.

கத்த வேண்டும் போலிருந்தது. மணிக்கட்டு உடைந்த பெரியவர் நினைவுக்கு வந்தார்.

"எக்கா, செத்த வெளிய வாரீயளா? ஒண்ணு கேக்கணும்."

"யாரு, முனிசிபாலிட்டியா? இருங்க, இந்தப் பைக்கு வார் மட்டும் வச்சிட்டு வாரேன்."

ஒன்பது நாள் உட்கார்ந்தவருக்கு இன்னும் ஒரு நிமிடத்தால் பெரிதாக எதுவும் கூடிவிடாது. கணக்கு அப்படித்தான் சொன்னது. ஆனாலும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"வார் பொறவு வைங்கக்கா. நீங்க உக்காந்திருக்க எடம் சரியில்ல. எந்திரிச்சி வாங்க, எல்லாம் சொல்லுதேன்."

அவர் மெஷினை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். "பேச்சு நம்மூருப் பேச்சால்ல இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தார். வேறு யாரும் வீட்டில் இல்லை. மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். இரவில் இருவரும் மேலே மரத் தட்டில் படுப்பார்கள் என்றார். அங்கேயும் அளந்தேன். கதிர் குறுகலாகத்தான் வந்துகொண்டிருந்தது, தட்டு வரை ஏறவில்லை. மெஷின் இருந்த இடத்தில்தான் அது.

நோட்டில் எழுதியதைக் குறுக்கே அடித்தேன். கிழிக்கவில்லை. அடித்த வரி அப்படியே கோப்பில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள்.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. சந்தில் எழுபது எண்பது பேர் இருப்பார்கள். கூடவே ஒரு டி.வி. பெண்ணும் மைக்கோடு வந்துவிட்டார். "ரேடியேஷன் ஆக்சிடென்டா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று இந்தியில் கேட்டார். மேலாளர் என் காதருகே, "இன்சிடென்ட், மேடம், இன்சிடென்ட்" என்றார். ஒன்றைச் சொன்னால் சந்தே ஓடும், குறுகிய படிகளில் குழந்தைகளோடு. மற்றதைச் சொன்னால் பாக்கியக்காவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். இரண்டையும் சொல்வதில்லை என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன்.

"உங்க பேரச் சொல்லலாமாக்கா?" என்று பாக்கியக்காவிடம் கேட்டேன்.

"சொல்லுங்க. இல்லாட்டி ஆளுக்கொரு கத கட்டுவானுவ."

ஒரு வீட்டு வாசற்படியில் ஏறி நின்றேன்.

"எல்லாரும் கேளுங்க. பேக்டரியில இருந்து வரக்கூடாத சாமான் ஒண்ணு செல்லத்துரை அண்ணாச்சி கடைக்கு வந்திருக்கு. அது ஒடயல. தூசியா பறக்கல, தண்ணியில கலக்கல, தொட்டவங்ககிட்ட ஒட்டிக்கிட்டு வராது. இன்னைக்குள்ள அத அடைச்சு எடுத்துட்டுப் போறோம். அதுவரைக்கும் அந்தக் கடையிலயும் பாக்கியக்கா வீட்டுலயும் யாரும் நிக்கக் கூடாது. பாக்கியக்கா அதுக்கு நேரா ஒக்காந்து தச்சிருக்காவ, அவங்கள ரத்தம் பாக்கக் கூட்டிட்டுப் போறோம். மத்தவங்க யாரும் வீட்ட விட்டு ஓட வேண்டாம். நான் இந்தப் பக்கத்துல பொறந்தவதான். பொய் சொல்லிட்டு நாளைக்கி இந்த வழியா வர முடியாது."

அதையே இந்தியில் சொன்னேன். பிறகு காலே மராத்தியில் சொன்னார். "பிள்ளையளுக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று ஒருவர் கேட்டார். "தண்ணி பிடிக்கலாமா?" என்று இன்னொருவர். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அரை மணி நேரம் ஆனது. யாரும் ஓடவில்லை. ஒரு குழந்தைகூட அழவில்லை. டி.வி. பெண்ணுக்கு அவர் கேட்ட ஒற்றை வார்த்தை கிடைக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே போட்டார். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுக் கடிதங்கள் எல்லாவற்றையும்விட அந்த அரை மணி நேரத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்.

உருளையை அடைத்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஜீப்பில் காலே கேட்டார்: "நீங்கள் மாட்டுங்கா இல்லையா?"

"இல்லை, தாராவி."

"இத்தனை வருடம் சொல்லவே இல்லையே" என்றார்.

பாக்கியக்காவுக்கு எவ்வளவு பட்டது என்று கணக்கிடுவது அடுத்த வேலை. மெஷின் இருந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டோம். தினமும் எவ்வளவு நேரம் உட்காருவார் என்பதை அவர் கடிகாரத்தை வைத்துச் சொல்லவில்லை. தண்ணீர் வந்து போனதும் உட்காருவார், மகள் வந்ததும் எழுந்திருப்பார், நடுவில் ஒரு நாள் நூல் தீர்ந்து தாதருக்குப் போனார், ஞாயிறு கோயிலுக்குப் போனதால் தைக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு நாளாக எழுதினோம். கடைசியில் வந்த அளவு, பொதுமக்களில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்கு அனுமதித்ததைப் போலப் பல மடங்கு. அதே சமயம் உடம்பில் உடனே காயம் உண்டாக்கும் அளவுக்கு வெகு கீழே.

மருத்துவமனையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு என்ன நடந்துருக்கு? மறைக்காமச் சொல்லுங்க."

"முடி கொட்டாது, புண்ணு வராது. ஆனா ஒங்களுக்கு வரவே கூடாதது வந்திருக்கு. பின்னாடி நோய் வாறதுக்கான வாய்ப்பு கொஞ்சூண்டு கூடியிருக்கு. ஒங்களுக்கு வருமா வராதான்னு யாராலயும் சொல்ல முடியாது. வருசா வருசம் பாத்துக்கிடணும்."

"ஒண்ணுமில்லன்னு சொல்ல மாட்டியளா?"

"மாட்டேன்க்கா."

"சரி. அப்படிச் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்."

அடுத்த வாரம் அலுவலகத்தில் கூட்டம். மேலாளர் ஒரு வரைவோடு வந்திருந்தார். ஓர் உருளை இடம் மாறிப் போனது, சேதமின்றி மீட்கப்பட்டது, நிகழ்வு, பொதுமக்களுக்குப் பாதிப்பில்லை. அவ்வளவுதான் அதில் இருந்தது. பேச்சு ஆங்கிலத்திலும் இந்தியிலுமாக நடந்தது.

"அளவுகோலின்படி இது நிகழ்வுதானே மேடம்?"

"ஆமாம், நிகழ்வுதான். அந்தச் சொல்லில் எனக்குச் சண்டை இல்லை."

"பிறகு என்ன?"

"பாதிப்பில்லை என்பது வேறு வாக்கியம். அதை நான் எழுத மாட்டேன்."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அளவுகோலில் நிகழ்வு என்ற சொல் ஊருக்குச் சொல்வதற்கு. ஒரு நகரத்தின் தட்டில் வைத்து எடை பார்த்தால் இது எவ்வளவு பெரிது என்று அது சொல்கிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறையின் சொல்லகராதியில் விபத்து என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: யாரும் நினைக்காமல் நடந்து, பாதுகாப்பு நோக்கில் அலட்சியப்படுத்த முடியாத விளைவைத் தந்த எதுவும் விபத்துதான். அளவு சிறிதா பெரிதா என்ற கேள்வியே அதில் இல்லை. ஒரே வெள்ளிக்கிழமை ஒரு கணக்கில் நிகழ்வு, இன்னொரு கணக்கில் விபத்து. இரண்டும் சரி. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பதுதான் தப்பு. என் நோட்டில் முதலில் நானும் அதைத்தான் செய்யப் பார்த்தேன், தெரியாமல். மேலாளர் தெரிந்தே செய்யப் பார்த்தார்.

என் அறிக்கையில் முதல் பத்தியிலேயே பாக்கியக்காவுக்குப் பட்ட அளவை எழுதினேன். எப்படிக் கணக்கிட்டோம் என்று அடுத்த பத்தி. உருளையைக் கழற்றாமல் விற்றது யார் பொறுப்பு என்று மூன்றாவது. ஆண்டுதோறும் பாக்கியக்காவுக்குப் பரிசோதனை செய்ய வேண்டியது தொழிற்சாலையின் கடமை என்று நான்காவது. படி எண் கடைசிப் பக்கத்தில்தான் வந்தது.

மேலதிகாரி முழுவதும் படித்தார்.

"மேலேர்ந்து கேப்பா. பாதிப்புங்கற வரியை எடுத்துடலாமேன்னு சொல்லுவா. நிப்பியா?"

"நிப்பேன் சார்."

"நீ நின்னா நானும் நிக்கறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவர் சொன்னபடியே கேட்டார்கள், இரண்டு முறை. நின்றோம். ஒரு வரியும் மாறாமல் அறிக்கை போனது. தொழிற்சாலைக்கு உரிய நடவடிக்கை வந்தது. செல்லத்துரை என்னவென்று தெரியாமல் வாங்கிய பொருள் என்பதால் அவர் மேல் எதுவும் இல்லை. நாங்கள் போய்ப் பக்கத்துக் கடைக்காரர்களையும் கூட்டி, முக்கோணத்துக்குள் மூன்று இதழ் வைத்த அந்தக் கதிர்வீச்சு எச்சரிக்கை அடையாளத்தைக் காட்டிவிட்டு வந்தோம்.

பாக்கியக்காவின் ரத்தப் பரிசோதனையில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அவருக்குச் சேர வேண்டிய பக்கங்களின் நகலை நானே கொண்டுபோனேன். மெஷினை எதிர்ச் சுவருக்கு மாற்றியிருந்தார். தபாலில் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது. கீழே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இதுல எம்பேரு எங்க இருக்கு?"

இல்லை என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. எங்கள் அறிக்கைகளில் பெயர் வராது. 'பொதுமக்களில் ஒருவர்' என்றுதான் இருக்கும். அந்த இடத்தைக் காட்டினேன்.

"பொதுமக்கள்ல ஒருத்தர்னா, அது நாந்தானா?"

"நீங்கதாங்க்கா. வேற யாருமில்ல."

என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். காகிதத்தை மெஷின் பலகையில் வைத்து, அந்த வரிக்கு நேராக, ஓரத்து வெள்ளையில், எழுத்துக் கூட்டி எழுதினார்: பாக்கியம்.

"இப்பம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.